வெறுங்கொடி

எதிர் மலையில் கௌரி வீட்டு உடுப்புக்கொடி வெறுமையாகக் கிடந்தது.

நான் எங்கள் குசினி யன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. கீழே கண்டி நகரம் இருந்த பக்கத்திலிருந்து இன்னமும் புகை வந்துகொண்டிருந்தது. முதல் நாள் கறுப்பாகக் கிளம்பியது இப்போது சாம்பல் நிறத்தில் குளத்துப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. றப்பர் எரிந்த நாற்றம் எங்கள் யன்னல் சீலையில்கூட ஏறியிருந்தது.

ஊரடங்குச் சட்டம். றோட்டில் ஒரு நாயைக்கூடக் காணோம். கௌரியின் கொடியில் முகம் துடைக்கும் ஒரு லேஞ்சிகூட இல்லை.

"இன்னமும் அங்கயா பாத்துக்கிட்டு ஈக்கிறாய்?" என்றார் உம்மா, பின்னால் வந்து. "கண்ணு பூத்துப் போகும் புள்ள. வந்து ரெண்டு வாய் தின்னு."

நான் நகரவில்லை. வெறுங்கொடிக்கு எங்கள் இருவருடைய பாஷையில் ஓர் அர்த்தம் இருந்தது. 'எல்லாம் சரி, சொல்ல ஒன்றுமில்லை.' அப்படித்தான் அதற்கு அர்த்தம் என்று என்னோடு சண்டை பிடித்து நிலைநாட்டியவளே கௌரிதான். அந்த நேரம் அவள் என் கையில் அகப்பட்டிருந்தால் முதுகில் இரண்டு போட்டிருப்பேன். அகப்பட்டாலே போதும் என்றும் இருந்தது.

பாண்காரர் மகள்

போன கிழமை இந்தத் தொடரில் வாப்பாவின் பேக்கரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாண்காரர் மகள் எப்படிக் கணிதம் படிக்கப் போனீர்கள்?"

பாண்காரர் மகள் படிக்காமல் வேறு யார் படிப்பது? ஒரு தட்டில் எத்தனை இறாத்தல் பாண் அடுக்கலாம், எப்படி அடுக்கினால் நசியாது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை பல்கலைக்கழகம் போவதற்குத்தான் வாப்பா யோசித்தார். கணிதத்துக்கு யோசிக்கவில்லை.

கடைசி வருடத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய சிங்களவர். ஒல்லியான மனிதர், காற்சட்டைப் பையெல்லாம் சோக்குத் தூள். மொழிகளைப் பற்றிப் படிப்பிக்கப் போகிறேன் என்றார். கணித வகுப்பில் மொழி எங்கே வந்தது என்று நாங்கள் முழித்தோம்.

அவர் சொன்ன மொழியில் இரண்டே எழுத்துகள்தான். ஏ, பி. அவற்றை வரிசையாகக் கோர்த்தால் ஒரு சரம். ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றை ஒட்டினால் இணைத்தல். பின்பக்கத்திலிருந்து எழுதினால் திருப்பல். எந்தச் சரம் வாக்கியம், எது வாக்கியமல்ல என்று தீர்மானிக்கச் சில விதிகள். அவ்வளவுதான் இலக்கணம்.

"ஒரு சரம் சரியாகக் கோர்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும்தான் இலக்கணம் சொல்லும். அதற்கு என்ன பொருள் என்று கேட்காதீர்கள். பொருள் நீங்கள் கொடுப்பது," என்றார்.

சரம் என்ற தமிழ்ச்சொல்லைப் பிற்காலத்தில் தமிழ் மொழிமூல ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போனபோதுதான் நான் பிடித்தேன். அவர்களுக்குப் பூச்சரம் ஞாபகம் வந்தது. எனக்கு எப்போதும் உடுப்புக்கொடிதான்.

வெறுஞ்சரத்துக்கு ஒரு சண்டை

கௌரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண். தகப்பனுக்குக் கண்டிக் கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில், வேலை என்பதால் சின்ன வயதிலேயே இங்கு வந்துவிட்டாள். ஒரே பிள்ளை. எதையும் வரையறுக்காமல் வாயைத் திறக்க மாட்டாள். "கொஞ்சம் சாப்பிடு" என்று எங்கள் உம்மா சொன்னால், "கொஞ்சம் எண்டா எவ்வளவு, உம்மா?" என்று கேட்பாள். உம்மா அகப்பையால் பதில் சொல்லுவார்.

எங்கள் முதல் பெரிய சண்டை பஸ்ஸில் நடந்தது. காரணம் வெறுஞ்சரம்.

எழுத்தே இல்லாத சரம் ஒன்று உண்டு என்று விரிவுரையாளர் அன்று சொல்லியிருந்தார். நீளம் பூச்சியம். எந்தச் சரத்தோடு அதை ஒட்டினாலும் அந்தச் சரம் மாறாது. எண்களுக்குள் பூச்சியம் எப்படியோ, சரங்களுக்குள் அது அப்படி. கௌரி தலையாட்டி எழுதிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் எழுதாத கடதாசியக் காட்டி இதுல ஒரு சொல் ஈக்கிண்டு செல்றாரு. நீயும் தலையாட்டுறாய்," என்றேன்.

"ஒண்டும் இல்லாததும் வெறுஞ்சரமும் ஒண்டில்லையடி மர்ழியா. கடிதம் வரேல்லை எண்டுறது ஒண்டு. கடிதம் வந்து, உடைச்சுப் பார்த்தா உள்ளுக்கை வெறுங்கடதாசி எண்டுறது வேற."

"ரெண்டுலயும் வாசிக்க ஒண்ணும் இல்லியே!"

"ஓம். ஆனா ரெண்டாவதிலை ஆரோ உனக்கு அனுப்பியிருக்கினம்."

கொண்டக்டர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டிக்கட் காசு கேட்கவே யோசித்தார்.

வெள்ளையும் நிறமும்

எங்கள் வீடு ஒரு மலைச்சரிவில். கௌரி வாடகைக்கு இருந்த வீடு எதிர்ச்சரிவில். நடுவில் ஒரு பள்ளம், அதில் வாழையும் ஈரப்பலாவும் நாலைந்து கூரைகளும். யன்னலைத் திறந்தால் அவள் வீட்டு முற்றம் தெரியும். ஆனால் போய்ச் சேருவதென்றால் டவுணுக்கு இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. காலையில் எந்த பஸ்ஸைப் பிடிப்பது, யார் யாருக்காக நிற்பது என்பது தினசரிப் பிரச்சினை.

அப்போதுதான் கௌரிக்கு யோசனை வந்தது. எழுத்து எதுவாகவும் இருக்கலாம் என்றுதானே அவர் சொன்னார்? வெள்ளை உடுப்பு ஓர் எழுத்து. நிறமுள்ளது இன்னோர் எழுத்து. கொடியில் வரிசையாகப் போட்டால் சரம்.

முதல் நாளே நாறிப்போனது. அவள் 'வெள்ளை, வெள்ளை, நிறம்' என்று போட்டாள். 'வருகிறேன், எனக்காக நில்.' நான் பார்த்தபோது 'நிறம், வெள்ளை, வெள்ளை' என்று இருந்தது. அதற்கு 'வரவில்லை, நீ போ' என்று பொருள். நான் போய்விட்டேன். அவள் மழைத் தூறலில் பஸ் தரிப்பில் நின்று, முதல் விரிவுரையைத் தவறவிட்டு, ஈரத் தலையோடு வந்து என்னைத் திட்டினாள்.

பிறகுதான் விளங்கியது. அவள் தன் வீட்டுப் பக்கம் நின்று, எங்களைப் பார்த்தபடி உடுப்புப் போடுகிறாள். அவளுடைய இடது எனக்கு வலது. எங்கள் பள்ளமே சரங்களைத் திருப்பிக்கொண்டிருந்தது. நாள்பூராவும் திருப்பலைப் பற்றிக் கணக்குச் செய்த இருவருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த நாள் கௌரி ஓர் இலக்கணத்தோடு வந்தாள். மிகச் சின்ன இலக்கணம். வெறுங்கொடி ஒரு வாக்கியம். ஏற்கனவே உள்ள வாக்கியத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை போட்டால் அதுவும் வாக்கியம். இரண்டு பக்கமும் நிறம் போட்டாலும் வாக்கியம். வேறெதுவும் வாக்கியமல்ல.

"எந்தப் பக்கத்தால பார்த்தாலும் ஒண்டுதான். இனி நான் நனையத் தேவையில்லை," என்றாள்.

அப்படித்தான் 'வெள்ளை, நிறம், நிறம், வெள்ளை' என்றால் 'வருகிறேன், எனக்காக நில்' என்று ஆனது. அவசரமென்றால் அதையே இரண்டு தரம் இணைத்துப் போட வேண்டும். பார்த்தவள் அதே வாக்கியத்தைத் தன் கொடியில் போட வேண்டும். அதைக் கண்டதும் முதலில் சொன்னவள் தன் கொடியை வெறுமையாக்குவாள். எல்லாம் சரி, சொல்ல இனி ஒன்றுமில்லை.

"சும்மாவே கொடி வெறுமையா ஈந்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் அதே வாக்கியம்தான். எல்லாம் சரி."

"நீ வீட்டுலயே இல்லாட்டி?"

"இலக்கணத்துக்கு அது தெரியாது," என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. ஆனால் வெறுங்கொடியை எடுத்துவிட்டால் இலக்கணம் தொடங்க இடமில்லை. எல்லா வாக்கியமும் அதைச் சுற்றித்தான் வளருகிறது.

உம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "காஞ்ச உடுப்ப என்னத்துக்குப் புள்ள திருப்பித் திருப்பிக் காயப்போடுறாய்?" என்று தினமும் கேட்பார். பல்கலைக்கழகம் போனால் புத்தி கழன்றுவிடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னதை அவர் அரைவாசி நம்பத் தொடங்கியிருந்தார்.

எங்கள் எழுத்துகளைப் பிழையாக விளங்கியவர் அவர் மட்டுமல்ல. பல வருடங்கள் கழித்து, யுத்தம் முற்றியிருந்த காலத்தில், விரிவுரை எடுக்கப் போகும் வழியில் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு சின்னப் பெடியன் சிப்பாய் என் பையைத் திறந்து கடதாசிகளை எடுத்தான். பக்கம் பக்கமாக ஏயும் பியும். இதைச் சங்கேதம் இல்லையென்று எந்தச் சிங்களத்தில் விளக்குவது? அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டைப்பிங் படிக்கிறீங்களா மிஸ்?" என்றான். ஓம் என்றேன். "எங்க தங்கச்சியும் படிக்கிறா. இன்னும் ரெண்டு எழுத்துல தான் நிக்கிறா," என்று பையைத் திருப்பித் தந்தான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கொடிக்கு வருகிறேன்.

புகை

எண்பத்து மூன்றாம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்து கனநாள் ஆகவில்லை. கொழும்பில் கலவரம் என்று றேடியோவில் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை கண்டியிலும் தமிழ்க் கடைகள் எரியத் தொடங்கின. பேக்கரியிலிருந்து வாப்பா வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார். எங்கள் வரிசையில் இருந்த புடவைக் கடையை அவர் கண்முன்னே கொளுத்தியிருந்தார்கள். அந்தக் கடைக்காரரோடு முப்பது வருடம் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்.

நான் யன்னலுக்கு ஓடினேன். எதிர் முற்றத்தில் கௌரியின் அம்மா சொட்டச் சொட்ட ஈர உடுப்புகளைக் கொடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு மூடியது. கொடி வெறுமையானது.

பின்னேரம் அந்தப் பாதையில் ஆட்கள் கூட்டமாகப் போவதைக் கண்டேன். கையில் தடிகள். மரங்கள் மறைத்துவிட்டன. அடுத்த நாள் விடிந்தபோது கௌரி வீட்டு முன்கதவு திறந்தபடி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. உள்ளே இருட்டு. கொடி அப்படியே வெறுமையாக.

பேக்கரிகளுக்கு மட்டும் ஊரடங்குப் பாஸ் கொடுத்திருந்தார்கள். சனம் தின்ன வேண்டுமே. என் அண்ணன், எங்கள் நானாதான், பாண் வேனை ஓட்டினார். நான் வாப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"வாப்பா, நானாவ அங்க அனுப்புங்க. கௌரியாக்களக் கூட்டிக்கிட்டு வரச் செல்லுங்க."

"அனுப்ப மாட்டேண்டா செல்றேன்?" என்றார் வாப்பா. "எங்க ஈக்கிறாங்க, புள்ள? அந்த ஊட்டுல ஆள் இல்லண்டு கதவே செல்லுது. வேன் போய் வீடு வீடாத் தட்டினா எல்லாரும் பாப்பாங்க. ஒளிச்சி வெச்சீக்கிறவங்களையும் நாங்களே காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். ஒரு தரம்தான் போக ஏலும். எங்கண்டு தெரிஞ்சா இந்த நிமிஷமே போகச் செல்றேன்."

"உசிரோட ஈக்கிறாங்களாண்டு..." என்று நானா தொடங்கினார். வாப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அதனால்தான் நான் அன்றும் அடுத்த நாளும் யன்னலில் நின்றேன். வெறுங்கொடியைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் நடந்த சண்டையை மனசுக்குள் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன். கடிதம் வரவில்லையா? வெறுங்கடதாசி வந்திருக்கிறதா? அவள் அனுப்பியிருக்கிறாளா, அல்லது அனுப்ப ஆளே இல்லையா? இலக்கணத்துக்கு அது தெரியாது என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். பயம் என்றால் வயிற்றில் ஒரு கல் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மழை

மூன்றாம் நாள் மத்தியானம் போல மழை வந்தது. கண்டி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. எதிர் மலை உச்சியில் முதலில் வெள்ளையாக இறங்கியது. பிறகு கூரைகளில் சத்தம் கேட்டது.

"உடுப்ப எடு! உடுப்ப எடு!" என்று உம்மா கத்திக்கொண்டு பின்கதவால் ஓடினார். நானும் ஓடினேன். ஊரடங்கில் எல்லோரும் வீட்டில்தானே, எல்லார் வீட்டுக் கொடியிலும் உடுப்பு இருந்தது. எதிர் மலை முழுக்கக் கதவுகள் திறந்தன. பெண்கள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து வாரினார்கள். ஒவ்வொரு கொடியாக வெறுமையானது.

நான் உம்மாவின் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அவ்வளவு பெரிய மலையில் ஒரே ஒரு கொடியில் மட்டும் உடுப்பு இருந்தது.

கௌரி வீட்டுக் கொடியல்ல. அதற்கு மேல்தட்டில், மெனிக்கேயின் வீட்டுக் கொடி. மெனிக்கே என்பவர் பக்கத்து வளவில் தனியாக இருந்த சிங்களப் பெண். புருஷன் செத்தபின் பன்சலை என்ற புத்த கோயிலுக்குப் போவதும் வெற்றிலை போடுவதுமாக இருந்தவர். கௌரி வீட்டு முருங்கைக்காய்க்கும் அவருடைய பலாக்கொட்டைக்கும் வேலிக்கு மேலால் நெடுகப் பண்டமாற்று நடக்கும்.

மழை அடித்து ஊற்றுகிறது. மெனிக்கே வெளியே வரவில்லை. உடுப்புகள் தண்ணீர் குடித்துக் கனத்து, கொடி நடுவில் தாழ்ந்து தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை.

வெள்ளை. நிறம். நிறம். வெள்ளை.

அதே கொடியில் மிச்சத்தையும் பார்த்தேன்.

வெள்ளை. நிறம். நிறம். வெள்ளை.

பன்சலைக்குக் கட்டும் வெள்ளைச் சேலைகள். வீட்டில் உடுக்கும் பூப்போட்ட சீத்தைத் துணிகள். மறுபக்கத்திலிருந்து படித்தேன். அதுவேதான்.

'வருகிறேன், எனக்காக நில். வருகிறேன், எனக்காக நில்.'

எழுத்தை வரையறுத்திருந்தோம். இணைத்தலை, திருப்பலை வரையறுத்திருந்தோம். ஒன்றுமில்லாததைக்கூட விடாமல் சண்டை பிடித்து வரையறுத்திருந்தோம். எந்தக் கொடியில் என்று மட்டும் இருவருமே சொல்லி வைக்கவில்லை. நான் பார்த்தது அவள் கொடியை. அவள் பேசியது பக்கத்துக் கொடியில்.

"உம்மா, அந்தச் சீலையத் தாங்க!"

"என்னத்துக்கு? இப்பதானே எடுத்த!"

வாப்பாவின் வெள்ளைச் சட்டை, உம்மாவின் இரண்டு சீலை, பேக்கரி மாமூட்டைத் துணி. மறுபடி ஒரு வெள்ளை, இரண்டு நிறம், ஒரு வெள்ளை. அவசரத்தில் இரண்டு உடுப்பு சேற்றில் விழுந்தன. எடுத்துப் போட்டேன். உம்மா மழைக்குள் நின்று தலையில் கை வைத்துக்கொண்டு, "அல்லாஹ், இந்தப் புள்ளக்கி முத்திப் போச்சி," என்று அழத் தொடங்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெனிக்கேயின் பின்கதவு திறந்தது. கறுப்புக் குடையோடு அவர் வெளியே வந்தார். பள்ளத்துக்கு மேலால் எங்கள் கொடியைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பி உள்ளே இருந்த யாரிடமோ என்னவோ கேட்டார். தலையாட்டினார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எட்டு உடுப்பையும் எடுத்தார்.

கொடி வெறுமையானது.

நான் சேற்றில் இருந்துவிட்டேன். இருந்து ஓவென்று அழுதேன். அந்த அழுகையில் ஒரு துளி துக்கம் கிடையாது. வயிற்றில் இருந்த கல்லை யாரோ கையை விட்டு எடுத்தது போல் இருந்தது.

பாண் வேன்

வாப்பா சொன்ன சொல் தவறவில்லை. "மெனிக்கேட வீடு," என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நானாவின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார். நானா வழமையான விநியோகம் போல அந்தப் பாதையில் நாலைந்து சிங்கள வீடுகளுக்குப் பாண் கொடுத்துக்கொண்டே போனார். மெனிக்கேயின் வளவுக்குள் வேனைப் பின்பக்கமாக விட்டார். திரும்பி வரும்போது ஒரு சந்தியில் ஆமிக்காரர்கள் மறித்தார்களாம். நானா கதவைத் திறக்கவில்லை. முன் ஆசனத்திலிருந்த கறி அடைத்த சூடான பனிஸ் பையை நீட்டினார். போகச் சொல்லிவிட்டார்கள்.

வேன் எங்கள் முற்றத்தில் நின்றது. பாண் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து முதலில் கௌரியின் அப்பா இறங்கினார். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. பிறகு அம்மா. கடைசியாகக் கௌரி, தலையெல்லாம் மாத்தூளோடு.

கட்டிப் பிடிக்கப் போனேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்குக் கண் இல்லையோடி? நேற்று விடியவே போட்டனான்! மெனிக்கே அம்மாவைக் கொண்டு உலர்ந்த உடுப்பையெல்லாம் போடுவிச்சனான். எங்கையடி பார்த்துக்கொண்டு நிண்டனீ?"

"உன்ட கொடியத்தான்!"

"எங்கட வளவுக்குள்ளை நாங்கள் கால் வைக்க ஏலுமே? வீட்டில ஆக்கள் இல்லை எண்டு காட்டத்தானே வெறுமையா விட்டது!"

"வெறுமையா விட்டா எல்லாம் சரிண்டுதானே அர்த்தம்! நீதானே செல்லித் தந்தாய்!"

"மழைக்குள்ளையும் எடுக்க வேண்டாமெண்டு சொன்னன். அப்ப அந்த மனுசி கேட்டா, 'பிஸ்ஸுத துவே?' எண்டு. உனக்கு விசரோ மகளே எண்டு."

"நானும் அதத்தான் கேட்டேன் இவகிட்ட," என்றார் உம்மா, ஈரச் சீலையைப் பிழிந்துகொண்டு. அந்த வீட்டில் அந்த நாட்களில் முதல் முறையாக யாரோ சிரித்தார்கள். வாப்பாதான் என்று நினைக்கிறேன்.

தடிகளோடு வந்தவர்களை மெனிக்கே வாசலில் நின்று, அவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பிறகும் இரண்டு தரம் வந்திருக்கிறார்கள். கடைசித் தரம் உள்ளே வந்து பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கௌரியின் அம்மா ஒரு கையால் கோப்பையை இறுக்கிப் பிடித்தபடிதான் இதைச் சொன்னார். உம்மா கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

மெனிக்கேயின் சரம்

அன்றிரவு எங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் வரிசையாகப் பாயில் படுத்தோம். பேக்கரி வீட்டில் பாணுக்குப் பஞ்சமில்லை. "கொஞ்சம் தின்னு" என்று உம்மா சொன்னபோது கௌரி எவ்வளவு என்று கேட்காமல் தின்றாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொஞ்ச நாள் எங்களோடு இருந்து, யாழ்ப்பாணம் போனார்கள். பரீட்சை எழுதக் கௌரி திரும்பி வந்தாள், எங்கள் வீட்டில் தங்கித்தான் எழுதினாள், என்னை விடக் கூடுதல் புள்ளி எடுத்தாள். இன்றைக்குக் குளிர் தேசமொன்றில் இதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவாள். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, எட்டுத் துண்டும் எந்த வரிசையில் இருந்தன என்று நிச்சயம் சரிபார்ப்பாள்.

நான் சொல்ல வந்தது அவர்கள் வந்த மறுநாள் காலையைப் பற்றி.

மழை விட்டு வெயில் எறித்தது. கௌரி எனக்கு முன்பே எழும்பி யன்னலுக்குப் போயிருந்தாள். "மர்ழியா, இஞ்ச வா," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மெனிக்கேயின் கொடியில் நாலு உடுப்பு.

வெள்ளை. நிறம். நிறம். வெள்ளை.

கௌரி அந்தப் பக்கத்தில் இல்லை. எங்கள் பாஷை தெரிந்தவர் அங்கே யாருமில்லை. மெனிக்கேக்கு எழுத்தும் தெரியாது, இலக்கணமும் தெரியாது. இப்படிப் போட்டால் எதிர் மலையில் யாரோ அதே மாதிரிப் போடுவார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். முதல் நாள் கண்ணால் கண்டிருக்கிறார். போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டாரோ, நான் சுகமாக இருக்கிறேன் என்று சொன்னாரோ, தனியாக இருக்கிறேன் என்றாரோ. சரியாகக் கோர்த்திருந்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

எதையும் வரையறுக்காமல் வாய் திறக்காத கௌரி, அன்று இதற்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. அழுதுகொண்டே பின்கதவால் ஓடினாள். உம்மாவின் அலுமாரியில் மடித்து வைத்திருந்த உடுப்புகளை நான் எடுத்துக் கொடுக்க, அவள் கொடியில் போட்டாள். வெள்ளை, நிறம், நிறம், வெள்ளை. போட்டுவிட்டு இருவரும் கொடிக்கு அருகில் நின்றோம்.

மெனிக்கே முற்றத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார். எங்களை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தார். பிறகு தன் கொடிக்குப் போய், நாலு உடுப்பையும் ஆறுதலாக எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

உம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்.

"அங்கால கொடி வெறுமையாப் போச்சே புள்ளயள். என்ன சங்கதி?"

"எல்லாம் சரியாம், உம்மா," என்றாள் கௌரி.

நான் வாதாடவில்லை.